பினாங்கு தொழிற்சாலைக்கு ஐ.வி.: சேலம் மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் கல்லூரியின் மின்னணுவியல் துறை மூன்றாம் ஆண்டு மாணவர்களை மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு ஐ.வி. (இண்டஸ்ட்ரியல் விசிட், அதாவது தொழிற்சாலையைப் பார்வையிடும் பயணம்) அழைத்துப் போகிறது. பிற நிறுவனங்களுக்காக மின்சுற்று போர்டுகளைப் பொருத்தித் தரும் ஒப்பந்தத் தொழிற்சாலை அது. அறிவிப்பு ஒட்டிய நாளிலிருந்து துறை அறைக்கு வெளியே கூட்டம்தான். ஆத்தூரிலிருந்தும் எடப்பாடியிலிருந்தும் பெற்றோர் போன் செய்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. பொறுப்பாசிரியர் என்ற முறையில் பதில்கள் என்னுடையவை. சில இடங்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும்.

ஓசூரிலேயே தொழிற்சாலை இருக்கிறதே, கடல் தாண்டி ஏன் போக வேண்டும்?

நியாயமான கேள்வி. போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஓசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான், ஃப்ளெக்ஸ் என்று நம் மாநிலத்திலேயே பெரிய ஆலைகள் இருக்கின்றன. உற்பத்தி லைனில் ஓடும் இயந்திரங்களும் ஏறக்குறைய அதே ஜப்பானிய, ஜெர்மானிய இயந்திரங்கள்தான்.

பினாங்கில் வேறாக இருப்பது வயது. அங்கே இந்தத் தொழில் ஐம்பது வருடத்தைத் தாண்டிவிட்டது. 1969இல் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் துறைமுகத்துக்கு இருந்த வரியில்லாச் சலுகையை எடுத்துவிட்டார்கள். வியாபாரம் படுத்தது, இளைஞர்களுக்கு வேலை இல்லை. அதே ஆண்டு பினாங்கு மாநில முதலமைச்சரான லிம் சோங் யூ, வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களை நேரில் போய் அழைத்து வந்தார். 1972இல் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கியது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஆலை அங்கேதான், ஐந்து ஏக்கர் நெல்வயலில் எழுந்தது. ஏ.எம்.டி., ஹெச்.பி., ஹிட்டாச்சி, பாஷ் என்று ஆரம்பத்தில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் 'எட்டு சாமுராய்' என்று சொல்லுவார்கள். 1975இல் இன்டெல் ஆலை தீயில் எரிந்து போனது. அப்போதும் அவர்கள் கிளம்பவில்லை, திரும்பக் கட்டினார்கள்.

ஒரு ஊர் பொருத்துகிற வேலையில் தொடங்கி, பரிசோதனைக்கும் வடிவமைப்புக்கும் எப்படி நகர்ந்தது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம். அன்று வெளிநாட்டு ஆலையில் வேலை கற்றவர்கள் பிறகு வெளியே வந்து அச்சு, ஜிக் (வேலையின்போது பாகத்தை அசையாமல் பிடிக்கும் சட்டம்), தானியங்கி இயந்திரம் செய்யும் உள்ளூர்க் கம்பெனிகளைத் தொடங்கினார்கள். ஓசூரும் ஸ்ரீபெரும்புதூரும் அந்தப் பாதையில் முதல் சில மைல்களில் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடியபோது என்ன ஆனது என்று உங்கள் வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும். ஆலை வருவது ஒன்று, ஆலை போன பிறகும் ஊரில் தொழில் நிற்பது வேறு. அந்த வித்தியாசத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

அப்படியென்றால் சீனாவின் ஷென்ஜென்னுக்குப் போயிருக்கலாமே?

போகலாம். அங்கே ஹுவாசியாங்பெய் மின்னணுச் சந்தையில் நடந்தாலே ஒரு செமஸ்டர் பாடம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் விசா வேலை அதிகம். ஆலைக்குள் விளக்கம் சீன மொழியில் நடக்கும், மொழிபெயர்ப்பாளர் சொல்வதில் பாதிதான் நம்மிடம் வந்து சேரும். பினாங்கில் ஆங்கிலத்தில் சொல்வார்கள், லைனில் தமிழ் பேசும் பொறியாளர் ஒருவராவது இருப்பார். மூன்றாம் ஆண்டு மாணவர் கூச்சம் இல்லாமல் கேள்வி கேட்கும் இடம் எதுவோ அதுதான் நல்ல இடம்.

வராவிட்டால் இன்டர்னல் மார்க் குறையுமா?

குறையாது. வருபவர்களுக்கு ஓ.டி. (வகுப்பில் இருந்ததாகவே கணக்கிடும் வருகைப் பதிவு) உண்டு, கூடுதல் மார்க் கிடையாது. வராதவர்களுக்கு அதே செமஸ்டரில் ஓசூர் பக்கம் ஒரு நாள் ஐ.வி. இருக்கிறது. அறிக்கையும் வைவாவும் (வாய்மொழித் தேர்வு) இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரிதான்.

இதைப் பெற்றோரிடம் அழுத்தமாகவே சொல்கிறேன். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ அனுப்ப வேண்டிய பயணம் இல்லை இது. "எல்லாரும் போறாங்க" என்று பிள்ளை சொன்னால் நம்ப வேண்டாம், எல்லோரும் போகவில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல சால்டரிங் ஸ்டேஷனும் மல்டிமீட்டரும் வாங்கிக் கொடுத்தால், சில மாணவர்களுக்குப் பினாங்கைவிட அதுதான் அதிகம் பயன்படும்.

செலவில் எதெல்லாம் அடங்கும்?

விமானக் கட்டணம், தங்குமிடம், அங்கே பேருந்து, காலை உணவு, பயணக் காப்பீடு. மதிய உணவு ஆலை நாளில் மட்டும் அவர்கள் கேன்டீனில். பாஸ்போர்ட் செலவு, கைச்செலவு உங்களுடையது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாகப் பதிவு செய்வதால் டி.சி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று ஒரு தொகையை ஏஜென்சி பிடிக்கும். யார் பான் எண்ணில் பணம் கட்டுகிறீர்களோ அவர் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கேட்டுத் திரும்பப் பெறலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பாஸ்போர்ட் இல்லை. இப்போது எடுத்தால் வருமா?

உடனே விண்ணப்பியுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் ரூ.1,500. தத்காலில் ரூ.2,000 கூடுதல். சேலம் தலைமை அஞ்சலகத்தில் உள்ள சேவை மையத்திலேயே ஆவணச் சரிபார்ப்பு முடிந்துவிடும். போலீஸ் விசாரணைக்கு விண்ணப்பத்தில் கொடுத்த முகவரிக்குத்தான் ஆள் வருவார்கள். விடுதி முகவரியைக் கொடுத்துவிட்டு, வந்த நேரத்தில் நீங்கள் ஊரில் இருந்தால் சிக்கல்தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் நம் இனிஷியல். கல்லூரி ஏட்டில் எஸ். கார்த்திக், ஆதாரில் கார்த்திக் எஸ், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் கார்த்திக் செல்வம் என்று மூன்று ஆளாக இருப்பவர்கள் நம்மிடம் நிறைய. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, தந்தை பெயரை முழுதாக எழுதுவது பின்னால் உதவும். விமானச் சீட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பெயரை நீங்களே டைப் செய்து அனுப்பாமல் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். ஏற்கெனவே பாஸ்போர்ட் உள்ளவர்கள் காலாவதித் தேதியைப் பாருங்கள். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும்.

விசா?

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி தருகிறது. இப்போதைய நீட்டிப்பு 2026 டிசம்பர் 31 வரை. ஆனால் எம்.டி.ஏ.சி. என்கிற வருகைப் படிவத்தை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் அல்ல, மூடிவிடுங்கள். துறை ஆய்வகத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து நிரப்பிவிடுவோம்.

எந்த வழியாகப் போகிறோம்?

கல்லூரிப் பேருந்தில் நாமக்கல், தொட்டியம், முசிறி வழியாகத் திருச்சி விமான நிலையம். அங்கிருந்து கோலாலம்பூர். பிறகு பேருந்தில் வடக்கே சுமார் 350 கிலோமீட்டர், பாலம் தாண்டித் தீவுக்குள். காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் ஏறி சென்னை போய், அங்கிருந்து பினாங்குக்கு நேராகப் பறக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். குழுவாகப் போகும்போது திருச்சி வழிதான் பர்ஸுக்கும் பெட்டி எடைக்கும் ஒத்துவருகிறது. நம் நேரத்தைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால்.

உள்ளே என்னதான் பார்ப்போம்? இயந்திரம் ஓடுவது யூடியூபிலேயே இருக்கிறதே?

இருக்கிறது. அதனால்தான் வரும்முன் அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். காணொளியில் இயந்திரம் ஓடும். ஆலையில் இயந்திரம் நிற்பதையும் பார்க்கலாம். அதுதான் முக்கியம்.

லைனின் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். முதலில் சால்டர் பேஸ்ட், பாகங்களைப் போர்டோடு பற்றவைக்கும் உலோகக் கலவை. நம் ஆய்வகத்தில் கம்பிச் சுருளாகப் பார்க்கும் சால்டர் இங்கே சாம்பல் நிறக் களிம்பு. குளிர்பெட்டியில் வைத்து, எடுத்ததும் திறக்காமல் சில மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத்தான் பயன்படுத்துவார்கள். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும், பிறகு அடுப்பில் அது தெறிக்கும். டப்பாவின் மேல் எடுத்த நேரம், திறந்த நேரம், எறிய வேண்டிய நேரம் மூன்றும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டைப் படியுங்கள்.

அந்தப் பேஸ்ட் பெரும்பாலும் 96.5 சதவீதம் தகரம், 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு. 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருட்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்திய பிறகு இந்தக் கலவை பரவியது. நாம் ஆய்வகத்தில் உருக்கும் தகர-ஈயக் கலவை 183 டிகிரியில் உருகத் தொடங்கும். இது 217க்கு மேல். இந்த முப்பது சொச்சம் டிகிரிக்காக அடுப்பு, போர்டு, பாகங்களின் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது.

பேஸ்ட்டை ஸ்டென்சில் வழியாகப் போர்டில் அச்சிடுவார்கள். அது துளைகள் வெட்டிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு, தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவு. இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள். எல்லோரும் பாகம் வைக்கும் இயந்திரத்தைப் பார்க்க ஓடுவார்கள், ஏனென்றால் அதுதான் வேகமாகத் தட்டும். ஆனால் கோளாறுகளில் பெரும்பாலானவை அச்சிடும் இடத்தில்தான் பிறக்கின்றன என்று தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் அச்சு முடிந்த உடனே ஒவ்வொரு புள்ளியிலும் பேஸ்ட் எவ்வளவு உயரம், எவ்வளவு கன அளவு என்று அளக்க ஒரு இயந்திரம் நிற்கும்.

அப்புறம் பாகம் வைக்கும் இயந்திரம். காற்றால் உறிஞ்சும் மூக்குகள், பாகங்களைப் பட்டையில் வரிசையாக வைத்துச் சுற்றிய ரீலில் இருந்து பாகத்தை எடுத்து, கேமராவில் காட்டி, திருப்பி, வைக்கும். மணிக்குப் பல்லாயிரம் பாகங்கள். 0201 என்கிற மின்தடை 0.6க்கு 0.3 மில்லிமீட்டர்தான். உள்ளங்கையில் வைத்தால் ரவைக்கும் சிறிது. இங்கே நீங்கள் பார்க்க வேண்டியவர் ரீல் மாற்றும் தொழிலாளி. ரீல் முடியும் முன்பே புது ரீலின் பட்டையைப் பழையதோடு ஒட்டிவிடுவார், இயந்திரம் நிற்காது. ஒட்டும் முன் பார்கோடு அடிப்பார். தவறான ரீல் என்றால் இயந்திரம் ஏற்காது. அந்த ஒரு 'பீப்' இல்லாவிட்டால் ஒரு ஷிஃப்ட் முழுக்கப் போட்ட போர்டுகள் குப்பைக்குப் போகலாம்.

பிறகு ரீஃப்ளோ அடுப்பு. போர்டு சங்கிலியில் மெல்ல நகர்ந்து, படிப்படியாகச் சூடேறி, உச்சத்தில் சுமார் 245 டிகிரி தொட்டு, குளிர்ந்து வெளியே வரும். இரண்டு முனையில் ஒரு முனை முதலில் உருகினால், உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசை அந்தக் குட்டிப் பாகத்தைச் செங்குத்தாக நிமிர்த்திவிடும். டூம்ஸ்டோன் என்பார்கள். பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் பரப்பு இழுவிசை எதற்கு என்று கேட்டவர்களுக்கு நேரில் பதில் கிடைக்கும்.

அதன்பின் கேமராப் பரிசோதனை. கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்க இணைப்புகளுக்கு எக்ஸ்ரே. ஊசிப் படுக்கையில் வைத்து மின் சோதனை. ஒவ்வொரு போர்டிலும் குறியீடு இருப்பதால், மூன்று வருடம் கழித்து ஏதோ ஒரு நாட்டில் பழுதானாலும் எந்த ரீல், எந்த நேரம், எந்த அடுப்பு என்று தேடி எடுக்க முடியும்.

சிப் பொதியும் பகுதியையும் கண்ணாடி வழியாகக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் சிலிக்கானையும் வெளிக்கால்களையும் இணைக்கும் வேலை. 1970களில் மலாய்க் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கையால் செய்தது இது. இப்போது இயந்திரம் செய்கிறது.

கொலுசைக் கழற்றச் சொல்கிறார்களாமே?

ஆம். சேலத்துப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது கொஞ்சம் வருத்தமான விஷயம்தான். கொலுசு, வளையல், மோதிரம், தொங்கட்டான் எல்லாவற்றையும் தங்கும் இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். முன்பக்கம் மூடிய ஷூ கட்டாயம். துப்பட்டா வேண்டாம், முடியைக் கட்டிக்கொள்ளுங்கள். பவுடர், திருநீறு, சந்தனம் அன்று ஒரு நாள் வேண்டாம். துகள் உதிரும் எதுவும் சுத்த அறைப் பக்கம் ஆகாது.

நுழைவாயிலில் மேலங்கியும் குதிகாலில் கட்டும் பட்டையும் தருவார்கள். ஒரு மேடையில் ஏறி நின்று பொத்தானைத் தொட்டால் பச்சை விளக்கு எரிய வேண்டும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்குகிறதா என்று பார்ப்பது அது. சுமார் 3,000 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் நமக்குச் சுருக்கென்று தெரியும். சில பாகங்கள் 100 வோல்ட்டுக்குக் கீழேயே செத்துவிடும். சாகாமல் அரைகுறையாக அடிபட்டு, வாங்கியவர் வீட்டுக்குப் போய் மூன்றாம் மாதம் சாவது இன்னும் மோசம். நீங்கள் கையால் எதையும் தொடக்கூடாது என்று சொல்வதன் காரணம் இது, திருட்டுப் பயம் இல்லை.

மணிக்கட்டுப் பட்டையில் ஒரு மெகாஓம் மின்தடை எதற்கு?

இதை ஒரு மாணவி கேட்டார், நல்ல கேள்வி என்பதால் சேர்த்துவிட்டேன். மணிக்கட்டுப் பட்டையும் உடம்பைத் தரையோடு இணைப்பதுதான். நிலைமின்சாரம் இறங்க மின்தடை உள்ள அந்த வழி போதும். ஆனால் கை தவறி 240 வோல்ட் கம்பியில் பட்டுவிட்டால் உடம்பு வழியே ஓடும் மின்னோட்டம் கால் மில்லியாம்பியருக்குள் அடங்கிவிடும். மின்தடை இல்லாமல் நேராகத் தரையில் கட்டினால், காப்பாற்ற வேண்டிய பட்டையே ஆளைக் கொல்லும்.

போட்டோ எடுக்கலாமா?

கூடாது. போன் லாக்கருக்குப் போகும். ஸ்மார்ட் வாட்ச்சும். வாடிக்கையாளர் பெயர் போர்டில் தெரிந்தாலும் வெளியே சொல்ல மாட்டோம் என்று கையெழுத்து வாங்குவார்கள், படித்துப் பார்த்துப் போடுங்கள். வாசலில் பேனருடன் ஒரு குழுப்படம் உண்டு. வீட்டுக்கு அனுப்ப அது போதும்.

போகும் முன் என்ன படிக்க வேண்டும்?

படிப்பதைவிடச் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, கையால் ஒரு போர்டாவது சால்டர் செய்யுங்கள். துளையில் கால் விட்டுச் செய்வது போதாது. போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் எஸ்.எம்.டி. மின்தடைகள், 0805 அளவில், இருபதை வரிசையாக வையுங்கள். பாதி சாயும், நாலு பறக்கும். அதன்பின் அந்த லைனின் முன் நின்றால் கண் வேறு மாதிரி பார்க்கும். செய்து காட்டாதவர்களை அழைத்துப் போவதில்லை என்று துறையில் முடிவு செய்திருக்கிறோம். இந்த ஒரு விதியில் எனக்கு இரக்கமே கிடையாது.

இரண்டாவது, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு வெள்ளிப் பட்டறைக்கு அரை மணி நேரம் போய் வாருங்கள். நம் மாணவர்களில் பலருக்குச் சித்தப்பாவோ மாமாவோ கொலுசுத் தொழிலில் இருப்பார், கேட்டால் காட்டுவார். இணைப்பில் பற்றவைக்கும் பொடி வைத்து, வெங்காரம் தடவி, ஊதி உருக்குவதைப் பாருங்கள். வெங்காரம் எதற்கு என்று கேளுங்கள். சூட்டில் உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடைக் கரைத்து, உருகிய பொடி பரவ வழி விடுகிறது. பேஸ்ட்டில் கலந்திருக்கும் ஃப்ளக்ஸ் செய்வதும் இதே வேலைதான். பட்டறைக்காரர் நிறம் பார்த்து ஊதுவதை நிறுத்துகிறார். ஆலையில் அதை வெப்ப வரைபடம் சொல்கிறது. போன முறை குழுவில் ஒரு மாணவர் அடுப்பு வரைபடத்தைப் பார்த்ததும், "குளிர்விப்பது மெதுவானால் இணைப்பு சொரசொரப்பாகுமா?" என்று கேட்டார். உள்ளூர்ப் பொறியாளர் திரும்பிப் பார்த்து, எங்கே படித்தாய் என்று கேட்டார். அவர் படித்தது சேலத்தின் குகைப் பகுதியில், அப்பாவின் பட்டறையில்.

அங்கே என்ன கேள்வி கேட்க வேண்டும்?

"எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்", "எப்போது தொடங்கினீர்கள்" போன்றவை வேண்டாம். வரவேற்பறைச் சுவரிலேயே எழுதியிருக்கும். நான் கேட்கச் சொல்வது: முதல் தடவையிலேயே தேறும் போர்டு நூறில் எத்தனை? ஒரு மாடலிலிருந்து இன்னொன்றுக்கு லைனை மாற்ற எவ்வளவு நேரம்? மின்சாரம் ஒரு நொடி தடுமாறினால் அடுப்புக்குள் இருக்கும் போர்டுகள் என்ன ஆகும்? கேமரா தவறு என்று சொன்னதில் எத்தனை உண்மையில் தவறு, யார் முடிவு செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர்கள் முகம் மாறும். இயந்திரம் சந்தேகப்பட்ட போர்டை ஷிஃப்ட் முழுக்கக் கண்ணால் பார்த்துச் சரி, தவறு என்று பிரிக்க ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அவரிடம் பேச அனுமதி கேளுங்கள்.

தொழிலாளர் நிலைமையைப் பற்றிக் கேட்கலாமா? மரியாதைக் குறைவாகிவிடாதா?

மரியாதையாகக் கேட்டால் ஆகாது. மலேசிய மின்னணு ஆலைகளில் நேபாளம், வங்கதேசம், இந்தோனேசியா, மியான்மர் தொழிலாளர்கள் நிறைய. வேலைக்கு வர ஏஜென்ட்டுக்குக் கட்டிய கடனை அடைக்கவே பல மாதம் உழைப்பவர்கள் உண்டு. வெரிட்டே என்ற அமைப்பு 501 தொழிலாளர்களிடம் பேசி 2014இல் வெளியிட்ட அறிக்கை, அவர்களில் 28 சதவீதம் பேர் கட்டாய உழைப்பு நிலையில் இருப்பதாகச் சொன்னது. அது பெரிய பேச்சானது. வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வேலைக்கான கட்டணத்தைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்பது இந்தத் துறையின் பொது நடத்தை விதிகளில் உண்டு. அது எப்படி நடைமுறையாகிறது, யார் வந்து சரிபார்க்கிறார்கள் என்று மனிதவளத் துறையிடம் கேட்கலாம்.

இதை வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்து, விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற பெண் தொழிலாளர்களுக்காக அவர்களுடன் வேலை செய்தவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நாளை உங்களில் சிலர் லைன் மேற்பார்வையாளராகப் போவீர்கள். இயந்திரத்தின் ஈரப்பதத்தை அளக்கத் தெரிந்தவர் விடுதிச் சமையலறையையும் ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

தாராளமாக. இரண்டு பெண் ஆசிரியைகள் வருகிறார்கள், தங்குமிடத்தில் தனித் தளம், இரவு ஒன்பதுக்கு வருகைப் பதிவு. இந்த ஒன்பது மணி விதி ஆண் பிள்ளைகளுக்கும் அதேதான். அவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு அவர்களை நினைத்துத்தான் கவலை.

அங்கேயே வேலை கிடைக்குமா?

கிடைக்காது. விசா இல்லாமல் போவது பார்வையாளராக மட்டும். "சும்மா போய் இறங்கு, வேலை பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவர் போன் எண்ணை என்னிடம் கொடுங்கள். மற்றவர் தரும் பார்சலையும் வாங்காதீர்கள், பக்கத்து வீட்டு அக்கா மகனுக்கு அனுப்பும் ஊறுகாயாக இருந்தாலும் சரி. போதைப்பொருள் விஷயத்தில் மலேசியச் சட்டம் மிகக் கடுமையானது, தெரியாது என்ற பதில் அங்கே உதவாது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டுடன் எடுத்து வாருங்கள்.

சாப்பாடு?

பயப்பட வேண்டாம். ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா என்று ஒரு தெருக்கூட்டமே இருக்கிறது. இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோவிலும் அங்கேதான். அசைவக்காரர்கள் தமிழ் முஸ்லிம்கள் உருவாக்கிய நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்பக்கூடாது. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது: நாசி லெமாக் வெறும் தேங்காய்ப்பால் சோறு போலத் தெரியும், ஆனால் மேலே நெத்திலி இருக்கும், சம்பலில் இறால் விழுது கலந்திருக்கும். பருப்புடன் ரொட்டி சானாய் கேளுங்கள், நம் பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி. தட்டுவடை செட்டுக்கு மட்டும் ஊர் திரும்பும் வரை பொறுக்க வேண்டும்.

சுற்றிப் பார்க்க நேரம் உண்டா?

ஒரு நாள். பினாங்கு மலைக்கு 1923 முதல் ஓடும் இழுவை ரயில் இருக்கிறது, மெக்கானிக்கல் மாணவர்கள் பார்க்க வேண்டியது. உயரம் 833 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக் குளிரில் நின்றவர்களுக்கு அது மலையாகவே தோன்றாது.

மெக்கானிக்கல், இ.இ.இ. மாணவர்கள் வரலாமா?

இடம் இருந்தால் வரலாம். சால்டர் விதி அவர்களுக்கும் உண்டு.

அறிக்கையை சாட்ஜிபிடியில் எழுதலாமா?

எழுதலாம், வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள். எனக்கு வேண்டியது இரண்டே பக்கம். ஆலையின் வரலாறு வேண்டாம், வணக்கமும் நன்றியும் வேண்டாம். நீங்கள் நின்ற ஒரு இடம், அங்கே பார்த்த ஒரு வேலை, உங்களுக்குப் புரியாமல் போன ஒன்று. படம் கையால் வரையுங்கள். போன் லாக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் நினைவு மட்டும்தான் துணை.

பேருந்து எத்தனை மணிக்கு, எங்கே ஏற வேண்டும்?

கல்லூரி வாசலில். நேரம் விமான அட்டவணை உறுதியானதும் துறைப் பலகையில் வரும். ஐந்து ரோட்டில் ஒரு நிறுத்தம் உண்டு. ஆத்தூர், தலைவாசல் பக்கத்து மாணவர்கள் முந்தின இரவே வந்து விடுதியில் தங்கிக்கொள்ளலாம், அனுமதி வாங்கியாயிற்று. ஏற்காட்டிலிருந்து வருபவர்களும் அப்படியே. அதிகாலை மலைப் பேருந்தை நம்ப வேண்டாம். பாஸ்போர்ட் அசல் கையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல.